இரண்டும் ஒரே ஊர்தானா?

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டிருந்த ஓர் ஆளிடம், அவர் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அந்த ஆள் இந்தக் கட்டுரையாளர்தான். கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டுரை அங்கங்கே சூடாக இருந்தால் வாசகர் ஊதிக் குடிக்கவும்.

விஷயம் சின்னது. கட்டுரையாளர் குடியிருப்பது ராஜபாளையம். பிறந்தது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆச்சி வீட்டில், தலைப்பிரசவம் அல்லவா. ஒரு சான்றிதழில் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தில் ‘டி’க்குப் பக்கத்தில் ‘எச்’ இருக்கிறது. இன்னொன்றில் ‘எச்’ இல்லை, ‘டி’ இரண்டு. இதைக் கண்டுபிடித்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஏற்கெனவே பெயரால்தான் வம்பு.

“ரெண்டும் வேற வேற ஊரா காட்டுது சார்.”

“ரெண்டும் இந்த ஊர்தாம்மா.”

“அப்படின்னு எழுதி வாங்கிட்டு வந்துருங்க.”

“யார்கிட்ட?”

அந்தம்மா பொதுவாகக் கையை ஆட்டினார். கை போன திசையில் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கோபுரம்: 11 நிலை, 192 அடி. விலாசம் தெரியாதவன்கூட அண்ணாந்து பார்த்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் கோபுரம் கையெழுத்துப் போடாது.

ஆட்களுக்கு ‘இருவரும் ஒருவரே’ என்று சான்று உண்டு. கந்தசாமியும் கந்தசுவாமியும் ஒருவரே என்று தாசில்தார் எழுதிக் கொடுத்தால், அன்றிலிருந்து கந்தசாமி நிம்மதியாகக் கந்தசுவாமியாக இருக்கலாம். ஊருக்கு அப்படி ஒன்று தர யாருக்கு அதிகாரம் என்று அந்தம்மாவுக்கும் தெரியவில்லை. இந்த இயந்திரம் ஏன் இப்படி ஓடுகிறது என்று மாக்ஸ் வேபர் என்ற ஜெர்மன்காரர் நூறு வருடம் முன்பே எழுதிவிட்டார். கட்டுரை முடிவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் பையைப் பற்றி ஒரு வார்த்தை.

அந்தப் பை வாசகர் வீட்டில் எந்த ஆணியில் தொங்குகிறதோ, கட்டுரையாளர் வீட்டிலும் ஏறக்குறைய அங்கேதான் தொங்குகிறது. ஜவுளிக்கடை மஞ்சப்பை. ஜிப் வைத்த ரெக்ஸின் பை வாங்கியபோது, மஞ்சப்பை அப்படியே அதற்குள் குடிபோனது. உள்ளே ஆதார் ஜெராக்ஸ் ஒன்பது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பதினொன்று. மீசையோடு ஆறு, மீசை இல்லாமல் ஐந்து. விற்றுத் தீர்த்த ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தக நகல். இன்னார் என்று ஞாபகமில்லாத ஒருவருடைய ரேஷன் கார்டின் பின்பக்கம். எல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்தால், மூன்றாம் தலைமுறையில் கட்டுரையாளரின் முகம் போலீஸ் தேடும் ஆசாமி முகமாகிவிடுகிறது. கெஜட்டட் ஆபீசரிடம் கெஞ்சி வாங்கிய பச்சை மைக் கையெழுத்து, நகலெடுத்ததும் கறுத்துவிடுகிறது. கறுத்த பச்சையைப் பச்சையாக்க மறுபடியும் ஆபீசரைத் தேடிப் போக வேண்டும். நகலில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும் என்று 2014-ல் அரசே சொல்லிவிட்டது. கட்டுரையாளர்தான் நம்பவில்லை. தன் கையெழுத்துக்குக் கீழே, பச்சைப் பேனாவில் தானே இன்னொரு கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி கேட்டான்: “ஆதார் முன்னாடி பின்னாடி ஒரே பக்கத்துலயா, தனித்தனியாவா அண்ணாச்சி?”

“ஒரே பக்கம்.”

கவுன்ட்டரில் தனித்தனியாகக் கேட்டார்கள். திரும்பி வந்தால், “அதான் முதல்லயே கேட்டேன்” என்கிறான். எந்த மனுவுக்கு எத்தனை நகல், எது பின் அடிக்கலாம், எது கூடாது என்று அத்தனையும் அந்தத் தம்பிக்கு அத்துப்படி. அவனைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிட்டால் பாதி வரிசை கரைந்துவிடும். ஆனால் அவன் பாஸ் பண்ணியிருப்பது பத்தாவது மட்டும்தான். அதற்கான ஒரிஜினலும் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.

பையின் அடியில் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரம் கிடக்கிறது. அதில் ராஜபாளையம் வீடு இருப்பது திருநெல்வேலி ஜில்லாவில். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிறந்ததும் வீடு அங்கே போனது. கட்டுரையாளர் பிறந்ததும் அந்த ஜில்லாவில்தான். 1985-ல் அதைப் பிரித்தார்கள். பத்தாவது படிக்கும்போது வீடு காமராஜர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கும் பஸ் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரை எடுத்தபோது அது விருதுநகர் மாவட்டமானது. நூறு வருடமாகக் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல் ஓர் அங்குலம் நகரவில்லை. தாளில் மட்டும் தென்மாவட்டச் சுற்றுலாவே முடிந்திருக்கிறது. இதில் ஒரு ‘எச்’சுக்குப் போய் மறுகுகிறார்கள்.

எழுத்தைச் சரிசெய்ய அரசு முயலவில்லை என்று சொன்னால் நன்றிகெட்டதனம். 2020 ஜூனில், தமிழ் உச்சரிப்புக்கு ஒத்து வரும்படி 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஓர் அரசாணை வெளியானது. வேலூரை ‘வீலூர்’ என்று படிக்கும்படி எழுதிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சிரித்தது. எட்டே நாளில் ஆணை வாபஸ். ஓர் அரசு ஆணை அவ்வளவு வேகமாக நகர்ந்து கட்டுரையாளர் பார்த்ததில்லை.

வேபர் வருவார், வரிசையில் நிற்கிறார்.

கட்டுரையாளரும் வரிசையில்தான் நின்றார். பின்னால் சத்திரப்பட்டி அம்மா ஒருவர், பேண்டேஜ் துணித் தறியில் வேலை. ஒரு தாளில் அவர் பெயரோடு ‘அம்மாள்’ இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். மூன்று தடவையும் அரை நாள் கூலி போச்சு. “அம்மாளா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, காசு எனக்குத்தான வரணும்?” என்று அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை. கட்டுரையாளர் தன் மனுவைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மனுவின் தலையில் அதே கோபுரம். ஜன்னலில் ஒன்று, தாளில் ஒன்று. 1949-லிருந்து அரசு முத்திரையில் நிற்பது எங்கள் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் சொல்லும். அப்போது சென்னையில் முதல்வராக இருந்தவர் எங்கள் ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா என்று ராஜபாளையமும் சேர்ந்துகொள்ளும். வரைந்த ஓவியர் கிருஷ்ணாராவோ மதுரை மேலைக்கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று ஒரு கட்சி உண்டு. (இதை மேற்படி ஊர் டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல வேண்டாம்.) ஊரெல்லாம் ஆண்டாள் கோபுரம் என்று சொன்னாலும், அது நிற்பதோ வடபத்ரசாயி சந்நிதிக்கு முன்னால். ஆக, ஊராரை இன்னார் என்று அத்தாட்சி செய்யும் முத்திரைக்கே தான் இன்னார் என்பதில் தகராறு. ‘இரண்டும் ஒன்றே’ என்று அதற்கும் ஒரு சான்று வாங்கிவிடலாம். ஆனால் அந்தச் சான்றிலும் இதே முத்திரையைத்தான் குத்த வேண்டும்.

தாளில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியூரிலும் உண்டு. உத்தரப்பிரதேசம் ஆசம்கரில் லால் பிகாரி என்று ஒருவர். நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினர்கள் 1976-ல் அவரை வருவாய்த்துறைப் பதிவேட்டில் சாகடித்துவிட்டார்கள். பெயரோடு ‘மிருதக்’ (இறந்தவர்) என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்ற பிணங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கி, ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலிலும் நின்று, 1994-ல்தான் அவர் உயிர் பெற்றார். பதினெட்டு வருடம். கட்டுரையாளருக்கு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று வீட்டில் மனைவி ஆறுதல் சொன்னார். ஆறுதலாக இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறும் முன் கட்டுரையாளர் அரைக்கிலோ பால்கோவா வாங்கினார். இந்த ஊர்ப் பால்கோவா இந்த ஊர்ப் பால்கோவாதான் என்று 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அது எத்தனை நகல் கொடுத்ததோ. கண்டக்டர் “பாளையம், பாளையம்” என்று கூவ, ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஊர்ப்பெயரில் ‘டி’ இரண்டு, ‘எச்’ ஒன்று. இது மூன்றாவது எழுத்து.

வீட்டுக்கு வந்ததும் பால்கோவாவைத் தட்டில் கொட்டிவிட்டு, அட்டையை நெய் போகத் துடைத்தார். மூன்று ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. ஒன்றில் பச்சை மையில் கையெழுத்தும் போட்டாயிற்று. எல்லாம் இப்போது பையில் இருக்கிறது.