இயற்கைக் காப்பாளனின் விண்ணப்பம்

பெறுநர்: மத்திய சட்ட அமைச்சகம், புது தில்லி.

பொருள்: விவாகரத்தான அப்பாக்களுக்குப் பயிற்சி வகுப்பு கோருதல் – தொடர்பாக.

ஐயா,

முதலில் நன்றி. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவில், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். படிக்கும்போதே மீசை முறுக்கிக்கொள்கிறது. 'பிறகு' என்றால் அவன் செத்த பிறகுதான் என்று அர்த்தமில்லை என உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லிவிட்டது, போகட்டும். இந்தக் காப்பாளனுக்குக் குடும்ப நீதிமன்றம் அளந்து கொடுத்திருப்பது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்து மணி முதல் ஒரு மணி வரை. அதுவும் வளாகத்துக்குள்ளேயே.

ஸ்கூட்டர் ஓட்ட எல்.எல்.ஆர். வாங்கி எட்டுப் போடச் சொல்கிறீர்கள். ஆடு வளர்க்கிறவருக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி உண்டு. பிரிந்த பிறகு பிள்ளை வளர்க்க எங்களுக்குக் கிடைத்தது ஒரு உத்தரவு நகல்.

ஆகவே பாடத்திட்டத்தை நாங்களே வகுத்துக்கொண்டோம். முதல் பாடம்: "அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?" அடுத்தது: "வீட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்க?" குறுக்கு விசாரணை முடிந்ததும் சாட்சியை பொம்மைக் கடை படத்தைக் காட்டி மயக்குவோம். ஜீவனாம்சத்துக்கு வாய்தா வாங்கிய அதே கை, ரிமோட் காருக்குத் தாராளமாக நீளும். காய்ச்சல், ஃபீஸ், வீட்டுப்பாடம் எல்லாம் அந்தப் பக்கத்து இலாகா.

2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கூட்டுப் பராமரிப்பு, சமரசப் பேச்சு, பள்ளி முதல் மருத்துவம் வரை யார் பொறுப்பு என்று இருவரும் உட்கார்ந்து எழுதும் வளர்ப்புத் திட்டம் என்றெல்லாம் யோசனை சொன்னது. அந்தக் கோப்பு நலமா? விக்டோரியா மகாராணி காலத்து 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன். கோப்புக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. பிள்ளையாக இருந்தால், யாரிடம் இருக்க விருப்பம் என்று நீதிபதி அதையே கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

சட்டம் வரும்வரை வகுப்பாவது நடத்துங்கள். இரட்டைப் பின்னல் போட, பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பக்கத்து நாற்காலியில் அமைதியாக உட்கார, மருந்து வேளையை மட்டும் எழுதி, பழைய கணக்கு எதையும் இழுக்காமல் ஒரு வாட்ஸ்அப் செய்தியை முடிக்கக் கற்றுக்கொடுங்கள். கடைசிப் பாடத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்கவும்.

இப்படிக்கு,
ஒரு இயற்கைக் காப்பாளன்.

இணைப்பு: உத்தரவு நகல். மகளின் வகுப்பாசிரியர் பெயர், செருப்பு அளவு முதலிய விவரங்களை அவள் அம்மாவிடம் கேட்டுப் பெறவும். அவர் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார்.