குலை வெட்டுவதற்கு முன் கர்மாவைப் பார்

புக்கிட் தெங்காவில் மீ கோரிங் பிரட்டும் சட்டியில் காய்கிற எண்ணெய்க்கு நம்மில் பலரைவிடத் தெளிவான வம்சாவளி உண்டு. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் டச்சுக்காரர்கள் நட்ட நான்கே நான்கு கன்றுகள். இந்தப் பக்கத்துச் செம்பனையின் தாய்வழி அங்கேதான் போய் முட்டும். ரொம்ப காலம் அதை அழகுக்குத்தான் வைத்திருந்தார்கள். 1917இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்) ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சு துரை அதை வியாபாரத்துக்கு நட்டார். அப்புறம் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டார். குலை வெட்டிய நம் ஆட்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு.

செம்பனைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பக்கக்கன்று விடாது, தலையில் ஒரே குருத்துதான். நல்ல மரத்தைப் பெருக்க விதையைத்தான் நம்ப வேண்டும், விதையோ அப்பன் பாதி ஆத்தாள் பாதி. 1970களில் ஆய்வகத்துத் துரைமார் இதற்கு வழி கண்டார்கள். வாரி வழங்கும் மரத்தின் திசுவைக் குப்பியில் வளர்த்தார்கள். ஒரே மரம், ஆயிரம் நகல், எல்லாமே ராசா!

1980களில் ராசாக்கள் பூத்தார்கள். மகரந்தத் தாளாக வேண்டியதெல்லாம் சூலகமாக மாறி, பழத்தைச் சுற்றிக் குட்டிப் பழங்களாக முளைத்தது. மோசமான மரங்களில் பழம் முதிரவே இல்லை. வருஷக்கணக்காக உரம் போட்டு வளர்த்தவர் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

டி.என்.ஏ. எழுத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்ன? 2015இல் மலேசியச் செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, நம்ம ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, அமெரிக்காவின் ராப் மார்ட்டியென்சன் முதலானோர் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னார்கள்.

பூவுக்கு உருவம் கொடுக்கும் டெஃபிஷியென்ஸ் என்ற மரபணுவின் நடுவே, செல் வெட்டி எறிந்துவிடும் பகுதியில், ஒரு தாவும் மரபணு குடியிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போகாத தாய்மாமன் அது. அதன் வாய்க்கு மீதைல் என்ற சிறு வேதிக் கூட்டங்களால் செல் பூட்டுப் போட்டு வைத்திருக்கும். வேரிலும் இலையிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எது பேசலாம், எது பேசக்கூடாது என்று தீர்மானிப்பதில் இந்தப் பூட்டுகளுக்கும் பெரிய பங்கு. குப்பி வாழ்க்கையில் சில நகல்களுக்குப் பூட்டு கழன்றது. மாமன் வாய் திறந்தார். மரபணுவைப் படியெடுத்துக்கொண்டு வந்த செல், அவர் பேச்சைக் கேட்டுப் பாதியிலேயே முடித்துக்கொண்டது. செய்தி அரைகுறை; பூவும் அரைகுறை. மூலத்தில் ஓர் எழுத்துகூட அழியவில்லை.

மாமனின் பெயர் கர்மா. நெல்லில் அதை முதலில் பிடித்த ஜப்பானியர்கள் வைத்த பெயர். பூட்டியிருந்தால் நல்ல கர்மா, கழன்றால் கெட்ட கர்மா என்று விஞ்ஞானிகளே கூசாமல் எழுதினார்கள். முன்பு மரம் பூக்கும்வரை காத்திருந்து தலையில் கை வைக்க வேண்டும். இப்போது நாற்று இலையில் பொட்டளவு வெட்டிச் சோதித்தால், தோட்டத்துக்குப் போகுமுன்பே கெட்ட கர்மாவைக் கழித்துவிடலாம். எந்தப் பரிகாரமும் வேண்டாம், தட்சணை மட்டும் ஆய்வகத்துக்கு.