அது விளையாட்டுக் கருவியே அல்ல

நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் பக்கம் போகிறவர்கள் ஒரு வகை மனிதரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய வயது, கண்ணாடி, மழைக்கோட்டு, சைக்கிள். பிறந்தநாள் வீட்டில் அந்த ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு காப்பியும் ஒரு துண்டு கேக்குமாக எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுப் பையன் விவரம் புரியாமல் பிளேஸ்டேஷன் என்று வாயைத் திறந்துவிடுவான். அவர் காப்பியைக் கீழே வைப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் அவசரமாக எழுந்து கழிப்பறையைத் தேடிப் போவார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார்.

"பிளேஸ்டேஷன் யாரால் பிறந்தது தெரியுமா, தம்பி? எங்களால்."

எங்களால் என்றால் பிலிப்ஸ் சிடி-ஐ வைத்திருப்பவர்களால். 1991 இறுதியில் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் கடைக்கு வந்த கருவி அது. வீடியோ டெக் போலக் கறுப்பாக, கனமாக இருக்கும். பாட்டுக் கேட்கலாம், குடும்பப் புகைப்படம் பார்க்கலாம், கலைக்களஞ்சியம் புரட்டலாம், அருங்காட்சியகம் சுற்றலாம், படம் பார்க்கலாம், விளையாடலாம். இத்தனையும் செய்யும் ஒன்றை எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை, எதற்காகப் பல நூறு டாலர் கொடுத்து வாங்குவது என்று வந்தவருக்கும் புரியவில்லை. தொண்ணூறுகள் முடிவதற்குள் பிலிப்ஸே கையைக் கழுவிவிட்டது. நம்மாள் கழுவவில்லை.

பிளேஸ்டேஷன் கதைக்கு வருவோம். சூப்பர் நின்டெண்டோவுக்கு சிடி இணைப்பு செய்து தருவதாக இருந்தது சோனி. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, தாங்கள் பிலிப்ஸோடு சேரப்போவதாக நின்டெண்டோ சொல்லிவிட்டது. சோனி தனியாகவே தன் கருவியைச் செய்து 1994இல் இறக்கியது. நின்டெண்டோவுக்கும் பிலிப்ஸுக்கும் இடையிலான சிடி இணைப்போ கடைசிவரை வரவேயில்லை. அந்த ஒப்பந்தத்தில் பிலிப்ஸின் பங்குக்கு மிஞ்சியது, மாரியோவையும் செல்டாவையும் வைத்துச் சில விளையாட்டுகள் செய்துகொள்ளும் உரிமை. எதிரியை உலகச் சக்கரவர்த்தி ஆக்கியதைத் தன் கட்சியின் முதல் சாதனையாக எண்ணுகிற ஆளை வேறெங்கும் காண்பது கடினம்.

அந்த விளையாட்டுகளைப் பற்றி மட்டும் நீங்களாகப் பேச்செடுக்கக் கூடாது. 1993இல் செல்டா வரிசையில் இரண்டு வந்தன. இடையிடையே வரும் கேலிச்சித்திரக் காட்சிகளுக்கு ரஷ்ய ஓவியர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்து வரையவைத்தார்கள். ஆட்களின் முகம் ஒரு நொடியில் மாவாகப் பிசையப்பட்டு அடுத்த நொடியில் வேறு முகமாக எழும். பின்னாளில் யூடியூப் பிள்ளைகள் அந்தக் காட்சிகளில் வரும் ராஜாவை வெட்டி ஒட்டி ஆட்டிவைத்த ஆட்டத்தை உலகமே பார்த்துச் சிரித்தது. மறு ஆண்டு வந்த 'ஹோட்டல் மாரியோ'வில் மாரியோவின் வேலை ஹோட்டலின் கதவுகளை மூடுவது. ஒரு கட்டத்தில் எல்லாக் கதவையும் மூடினால் அடுத்த கட்டம், அங்கேயும் கதவுகள்.

இதைச் சொல்லிச் சிரித்தால் அவர் கோபிக்க மாட்டார். பொறுமையாகச் சொல்வார்: "நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். அது விளையாட்டுக் கருவியே அல்ல."

சரி, அப்படியானால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக வட்டைப் பற்றிப் பேசுவோம், ஒரு படம் திரைக்கு வருவதற்குள் கொட்டாவி வருகிறதே என்றால், "'பர்ன் சைக்கிள்' விளையாடியிருக்கிறீர்களா? விளையாடாமல் இந்தக் கருவியைப் பற்றிப் பேசக் கூடாது" என்பார். விளையாட்டைக் குறை சொன்னால் அது கல்விச் சாதனம். கல்வியைக் குறை சொன்னால் சினிமாச் சாதனம். படம் பாதியில் நின்று இரண்டாம் வட்டு கேட்கிறதே என்றால், எழுந்து நடப்பது உடம்புக்கு நல்லது. ரிமோட்டின் மேல் உள்ள சிறு குமிழைக் கட்டைவிரலால் தள்ளிச் சிறிது யோசித்த பிறகே திரையில் இருப்பவன் குதிக்கிறானே என்று கேட்டேன் ஒருவரிடம். "அவசரக்காரர்களுக்காகச் செய்ததல்ல" என்றார்.

இவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பக்கத் தட்டு நீளும் 205, 220 மாடல்களை வைத்திருப்பவர், மூடியைத் திறந்து வட்டு வைக்கும் 450 வைத்திருப்பவரைப் பார்த்து லேசாகப் புன்னகைப்பார். ஏனென்றால் 450ஐ பிலிப்ஸ் விளையாட்டுக் கருவி போலவே செய்து மலிவாக விற்றது. படம் ஓட்டத் தேவையான டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜைப் பின்னால் செருகியிருப்பவருக்கு, செருகாதவர் பாதி உடைமையாளர்தான். நிறுவனங்களுக்கென்றே செய்த, பிளாப்பி டிரைவ் உள்ள 605 ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

எல்லாரையும் ஒன்றுசேர்ப்பது ஒரு சாவுதான். நேரத்தையும் விளையாட்டுச் சேமிப்பையும் நினைவில் வைக்கிற டைம்கீப்பர் என்ற சிப்புக்குள்ளேயே மின்கலத்தை வைத்துப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் மின்கலம் செத்ததும் கருவிக்கு மறதி நோய் வந்துவிடும். இன்று நல்லவிதமாக ஓடும் சிடி-ஐ ஒன்றைப் பார்த்தால், அநேகமாக யாரோ ஒருவர் மாடி அறையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பைத் துளையிட்டு, பொத்தான் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார் என்று பொருள். பல கருவிகளில் அந்தச் சிப் காப்பாற்றும் நினைவகம் மொத்தமே 8 கிலோபைட். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் மனைவியைக் கை காட்டும் மனிதர், அந்த 8 கிலோபைட்டில் என்னென்ன இருக்கிறதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஏப்ரல் 27, அரசர் நாள். நெதர்லாந்துத் தெருவெங்கும் மக்கள் விரிப்பைப் போட்டுப் பழைய சாமான் விற்பார்கள். விடிவதற்கு முன்பே நம்மாள் சைக்கிளோடு கிளம்பிவிடுவார். எங்காவது ஒரு விரிப்பில் சிடி-ஐ கிடந்தால், தெரியாதவர் போல, "இது ஓடுமா? வீடியோ டெக்கா?" என்று கேட்டு விலையைக் குறைப்பார். வருஷம் முழுவதும் அது வீடியோ டெக் அல்ல என்று ஊரோடு சண்டை போடுகிறவர்.

2024இல் ஒரு விபரீதம் நடந்தது. அந்த செல்டா விளையாட்டுகளை ரசித்தவர்கள், அதே பிசைந்த முகங்களோடு 'ஆர்செட்' என்று புதிதாக ஒன்றைச் செய்து வெளியிட, விமர்சகர்கள் பாராட்டிவிட்டார்கள். அது நின்டெண்டோ ஸ்விட்சிலும் ஓடுகிறது. முப்பது ஆண்டாக உலகம் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லிவந்த மனிதருக்கு, உலகம் புரிந்துகொண்டது பெரிய இடியாகப் போயிற்று. "ரொம்ப வழவழப்பாக இருக்கிறது. குமிழைத் தள்ளியதும் குதித்துவிடுகிறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். வாங்கியும்விட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். சிடி-ஐயில் சினிமா ஓட்டப் பிலிப்ஸ் செய்த வேலையிலிருந்துதான் 1993இல் வீடியோ சிடி பிறந்தது. நம் தெருமுனைக் கடைகளில் வாடகைக்கு எடுத்து வந்த படங்களைக் கணினியில் போட்டுத் திறந்தவர்கள், AVSEQ கோப்பு இருக்கும் அடைவுக்குப் பக்கத்திலேயே சிடிஐ என்று ஓர் அடைவைப் பார்த்திருப்பார்கள். அந்த வட்டை இந்தக் கறுப்புப் பெட்டியும் ஓட்ட வேண்டும் என்பதற்காக வைத்த நிரல் அதற்குள் இருந்தது. நம்மில் யாரும் அதைத் தொட்டதில்லை.

இந்த விஷயத்தை மட்டும் அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். அன்று முதல் சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எல்லாம் அவருடைய வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்துவிட்டன. விற்பனையில் தோற்றது யார் என்று இப்போது அவர் ஊரைத் திருப்பிக் கேட்கிறார். அடுத்த முறை வரும்போது ஒரு தமிழ்ப் பட வீடியோ சிடி கொண்டுவர வேண்டுமாம், தன் 220இல் போட்டுப் பார்க்க வேண்டுமாம். எந்தப் படம் வேண்டும் என்று கேட்டேன்.

"எதுவானாலும் சரி. ஓடாத படமாக இருந்தால் இன்னும் நல்லது."