வண்டலும் லிப்டும்: புரூஜ் நகர் விடுதிகள் குறித்து ஓர் ஆய்வு

ஐரோப்பியப் பழநகரின் நடுவே, சதுக்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சிறு விடுதியை முதல், கரு, உரி என்று பகுத்து ஆராய்ந்தார் இதுவரை இலர். அக்குறை இக்கட்டுரையால் தீர்கிறது. நிலம், கார் எட்டாத, கல் பாவிய ஊர்நடு. பொழுது, அறை தயாராவதற்கு முந்தைய நண்பகல். கருப்பொருள் புறா, வாஃபிள், மணிக்கூண்டு. உரிப்பொருள், வரவேற்பு மேசை முன் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். அப்படியானால் இது முல்லைதானே என்பாரும் உளர். அது பொருந்தாது. முல்லைத் தலைவன் கார்காலத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாவது போவான். அறைச்சாவி விஷயத்தில் அப்படி யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. காலை உணவு: உண்டு.

நம் ஆய்வுப்பொருள் லிப்ட். ஆய்வெல்லை பெல்ஜியத்தின் புரூஜ். பழைய வீடுகள் பல இங்கே விடுதிகளாகியிருக்கின்றன. அவற்றில் லிப்ட் என்று ஒன்று இருந்தால், அது ஆளை ஏற்கும் அல்லது பெட்டியை ஏற்கும். காரணம் கேட்டால் இடமில்லை என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவார்கள். உண்மைக் காரணம் வண்டல். 1134-இல் அடித்த புயல் கடலோரத்தை அறுத்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே கம்பளி வந்திறங்க, துணி கப்பலேற, புரூஜ் பெருஞ்சந்தை ஆயிற்று. 15-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்வின் வண்டலால் மேடிட்டது. வணிகம் ஆன்ட்வெர்ப்புக்குப் போனது. கையில் காசில்லாத ஊர் வீட்டை இடித்துக் கட்டாது. ஒடுங்கிய வீடுகளும் செங்குத்துப் படிகளும் அப்படியே நின்றன. 1857-இல் நியூயார்க்கில் ஓட்டிஸின் பயணியர் லிப்ட் ஓடத் தொடங்கியபோது புரூஜ் வறுமையில் கிடந்தது. 1892-இல் எழுத்தாளர் ரோடன்பாக் ‘இறந்த புரூஜ்’ என்று ஒரு நாவலுக்கே பெயர் வைத்தார். துக்கம் விசாரிப்பதுபோல் பயணிகள் வரலாயினர். 2000-இல் யுனெஸ்கோ நகர்நடுவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு, நினைத்தபடி சுவரை இடிக்க யாருக்குத் துணிவு வரும்? மாடிப்படிக்கு நடுவில் மிச்சமிருந்த பொந்துதான் லிப்ட் ஆனது. உரிய காலத்தில் தூர் வாரியிருந்தால் ஆளும் பெட்டியும் சேர்ந்தே மேலே போயிருக்கலாம்.

வெனிஸில் வண்டலைத் தடுக்க பிரென்டா, பியாவே ஆறுகளையே திசைதிருப்பினார்களே, அங்கும் லிப்ட் சிறிதாக இருப்பானேன் என்று வினவலாம். அங்கே குற்றவாளி மிளகு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கியதும் வெனிஸின் லிப்ட் சுருங்கத் தொடங்கிவிட்டது. மிளகு வணிகம் பிறகு ஓரளவு மீண்டதே என்பார்க்கு விடை: லிப்ட் மீளவில்லை. ஆம்ஸ்டர்டாமோ செழித்த ஊர், படியோ ஏணிக்குச் சமம் என்பர். அங்கே வீட்டு உச்சியில் கொக்கி மாட்டிச் சரக்கை ஜன்னல் வழியே ஏற்றிவிடுவார்கள். எனவே அவ்வூர் நம் ஆய்வெல்லைக்குப் புறம்பானது. பொருந்தாத சான்று எப்போதுமே ஆய்வெல்லைக்குப் புறத்தேதான் இருக்கும்.

இனித் தலையாய சிக்கல்: உயர்திணையான ஆள் முதலில் ஏறுவதா, அஃறிணையான பெட்டி முதலில் ஏறுவதா? பெட்டிமுதற் கொள்கையர் பெட்டியை ஏற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டுப் படியில் ஓடுவர். இடையில் இரண்டாம் மாடிக்காரர் லிப்டை அழைத்துவிட்டால் பெட்டியின் கதி அவர் கையில். ஆள்முதற் கொள்கையர் நிம்மதியாக மேலே போய்ச் சேர்ந்த பின்னரே, கீழே பொத்தானை அமுக்கப் பெட்டிக்குக் கை இல்லை என்பதை உணர்வர். பெட்டியை மார்போடு அணைத்து, தான் வேறு அது வேறு அல்ல என்று உள்ளே புகுவோர் அத்வைதிகள். புகுந்தும் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு கதவு மூடாமல் நிற்பது விசிஷ்டாத்வைதம். பெட்டி கீழேயும் ஆள் மேலேயுமாக என்றென்றும் பிரிந்தே இருப்பது த்வைதம். இவை அனைத்தையும் தீர்த்துவைக்கும் பழைய உரை ஒன்று இருந்திருக்க வேண்டும். அதன் ஏடு எங்கும் கிடைக்காமையே அது செல்லரித்துப்போனதற்குச் சான்று. கிடைக்காத அவ்வுரைக்கு இரண்டு பாடபேதங்கள் உண்டென்பதும் தெளிவு. இல்லாத நூலை மேற்கோள் காட்டினால் மறுக்க ஆளிராது. இந்த வசதியை அறிந்தவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் நல்ல பதவிகளில் இருக்கிறார்கள்.

ஆனால் சக்கரப்பெட்டிக்கு 1972-இல் காப்புரிமை வந்தபோதே இச்சிக்கல் ஒழிந்துவிட்டதே என்பர் ஒரு சாரார். கல் பாவிய தெருவில் சக்கரம் எழுப்பும் ஓசையை அவர்கள் கேட்டதில்லை போலும்.

இவ்வளவு பாடு எதற்கு, ரயில் நிலையத்தை ஒட்டி அகல லிப்ட் கொண்ட பெரிய விடுதியில் தங்கினால் என்ன என்பதே எஞ்சிய தடை. வருபவர் பார்க்க வருவது வண்டல் காப்பாற்றிக் கொடுத்த ஊரை; வண்டல் கொடுத்த படியை மட்டும் வேண்டாமென்றால் எப்படி? சதுக்கத்தில் 83 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. விடுதியின் மூன்று மாடிகளைக் குறைசொன்ன அதே பயணிகள் காலையில் அதன் வாசலில் வரிசையில் நிற்பார்கள். உள்ளே 366 படிகள். லிப்ட் கிடையாது. கட்டணம் உண்டு.