தண்ணீர் வந்த வழியே

கம்பம் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தங்குவதில்லை. தேனியில் டிபன், சின்னமனூரில் ஒரு டீ, கூடலூர் பக்கம் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று நாலு படம். அப்புறம் குமுளி ஏறி தேக்கடி, இல்லையென்றால் போடிமெட்டு ஏறி மூணாறு. அவர்களுக்கு இது போகிற வழி. எனக்கு இது புகுந்த ஊர். நாற்பது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை. அதனால்தான் இந்தக் கார்கள் நிற்காமல் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நான் பிறந்தது பரமக்குடிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். எங்களுக்கு வைகை என்றால் மணல். சித்திரை வைகாசியில் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டி, சுரக்கிற தண்ணீர் கலங்காமல் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். அவசரப்பட்டால் அடிமணல் கிளம்பிவிடும். அப்புறம் தெளிகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்ப்பது என்பதெல்லாம் வழக்கத்தில் கிடையாது. வெளியூர் போவதென்றால் குலசாமி கோயில், கல்யாணம், கருமாதி. ராமேஸ்வரம் கூட யாரோ இறந்த பிறகுதான் பார்த்தேன்.

1983-இல் உத்தமபாளையத்துக்கு வாக்கப்பட்டேன். மதுரையிலிருந்து போடிக்குப் போகும் மீட்டர்கேஜ் ரயிலில் கூட்டிவந்தார்கள். 1928-இல் போட்ட பாதை அது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் ரயில் நுழைந்து வெளியே வந்ததும் காற்று மாறியது. தேனியில் இறங்கி பஸ் ஏறினோம். வீரபாண்டியைத் தாண்டும்போது ரோட்டோரம் ஆறு. கரை தொட்டு ஓடுகிறது, அதுவும் நல்ல வெயில் காலத்தில். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தேன். ஊர் வந்த பிறகும் இறங்க மனசில்லை.

மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த ஒரு நாள் என் மாமியார், "புதுப்பொண்ண எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாய்யா. வீட்டுக்குள்ளயே அடச்சு வச்சா நல்லாவா இருக்கு" என்றார். வீட்டுக்காரர் என்னிடம் வந்து என்ன பார்க்கணும் என்று கேட்டார். என்னென்ன இருக்கிறது என்றே தெரியாதவள் எதைக் கேட்பாள்? "இந்த ஆத்துத் தண்ணி எங்கிருந்துங்க வருது?" என்றேன். அவர் இருபோக வெள்ளாமை வீட்டுப் பிள்ளை. மதகு, மடை, முறைத்தண்ணீர் எல்லாம் அவருக்குப் பேச்சோடு பேச்சாக வரும். என் கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது. மறுநாள் காலை பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பஸ்ஸில் கிளம்பிவிட்டோம்.

கூடலூர் தாண்டி லோயர்கேம்ப்பில் இறங்கினோம். மலை மேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி வருகின்றன. அடியில் மின்நிலையம். "மேல இருக்கிற ஏரித் தண்ணி மலையக் கொடஞ்ச சுரங்கம் வழியா வந்து, இந்தக் குழாயில எறங்கி, கரண்டு எடுத்துட்டு ஆத்துல விழுது" என்றார். அங்கிருந்து குமுளிக்கு மலைப்பாதை. அதில் இரைச்சல் பாலம் என்று ஒன்று இருக்கிறது. குழாயில் விடாத தண்ணீரை அந்த வழியாகத்தான் இறக்குவார்கள். எங்கள் நல்ல நேரம், அன்றைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வளைவு திரும்புவதற்கு முன்பே சத்தம் கேட்டது. நான் லாரி ஏதோ வருகிறது என்று ஓரமாக ஒதுங்கினேன். பாலத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால் பாறையில் அடித்து வெள்ளை வெளேரென்று விழுகிறது. சாரல் ஏறி வந்து முகமெல்லாம் நனைந்து, பட்டுச்சேலை முந்தானை ஈரமாகி, தலையில் வைத்த மல்லிகை ஒட்டிக்கொண்டது. பேச்சு காதில் விழவில்லை. அவர் குனிந்து என் காதருகே வந்து சொன்னார்: "இதுதான் உங்க ஊருக்கு வரவேண்டிய தண்ணி."

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்பிய கதையை அந்தப் பஸ் பயணத்தில்தான் அவர் வாயால் கேட்டேன். 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். அடுத்த வருஷம் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள். காட்டுக்குள் காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில். அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக், வேலை நின்றுபோகாமல் இருக்கத் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றார் என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். செலவு முழுக்க அரசாங்கக் கணக்கில்தான் இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் மறுக்கிறார்கள். மறுக்கட்டும். தன் வயலில் தண்ணீர் பாய்ந்தவன் நன்றியை அப்படித்தான் சொல்வான். கட்டினவரோடு அந்தம்மாவின் தியாகத்தையும் சேர்த்துச் சொல்கிற இந்த ஊர்க்காரர்களின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

தேக்கடியில் படகில் ஏறினோம். ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றன. அணை நிறைந்தபோது மூழ்கிய காட்டு மரங்கள் அவை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றன. மற்றவர்களெல்லாம் யானையைத் தேடிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிற வைகை அணைக்குப் போனது அதற்குச் சில மாதம் கழித்து. அப்போது அந்தப் பக்கத்துப் புது மாப்பிள்ளை, பொண்ணு எல்லோரும் வந்து போகிற இடம் அது. 1959-இல் திறந்த அணை, 71 அடி தேக்குவார்கள். பூங்கா, நீரூற்று, வெளியே வந்தால் சுடச்சுட மீன் வறுவல். பூங்காவில் கடலை விற்ற ஓர் அம்மா, பேச்சு வாக்கில் தண்ணீருக்கு நடுவே கை காட்டி, "அந்தா, அங்கனதான் எங்க வீடு இருந்துச்சு" என்றார். அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று. அந்த ஜனங்களின் பாட்டை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று எழுதினார். 2003-இல் சாகித்ய அகாதமி விருது அதற்குக் கிடைத்தபோது எனக்கு அந்த அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. வைகையின் பழைய பாசனத்தில் 12 பங்குக்கு 7 பங்கு எங்கள் ராமநாதபுரத்துக்கு. அந்தப் பங்கைச் சேர்த்து வைக்கத்தான் அந்த அம்மாவின் வீடு தண்ணீருக்குள் போயிற்று. அன்றைக்கு வறுத்த மீன் எனக்கு இறங்கவில்லை.

அப்போது இதெல்லாம் மதுரை மாவட்டம். 1996-இல்தான் தேனி தனி மாவட்டமானது. அன்றைக்குச் சுருளி அருவிக்குப் போகிறவர்கள் ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போனார்கள். குச்சனூருக்குச் சனி பிடித்தவர்கள் போனார்கள். மேகமலைக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் போனார்கள். காரியம் இல்லாமல் யாரும் மலை ஏறியதில்லை. போகிற ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கும், சாப்பாடு அங்கே, பேச்சு அங்கே. லாட்ஜில் தங்கினோம் என்று சொன்னால், வீடா இல்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

இப்போது சனி, ஞாயிறு வந்தால் சின்னமனூரிலிருந்து மேகமலை வரைக்கும் கார் வரிசை. மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும் திரும்ப வந்தது. சென்னையில் ராத்திரி ஏறினால் காலையில் இங்கே. எனக்கு அதில் சந்தோஷம்தான். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, சுருளிப்பட்டித் தோட்டக்காரர்கள் பந்தலுக்கு முன்னாலேயே கடை போட்டு ஜூஸ் விற்கிறார்கள். வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்ததற்கு இது எவ்வளவோ மேல். வருகிறவர்கள் வரட்டும்.

சுருளியில் யானை நடமாட்டம் என்று வனத்துறை குளிக்கத் தடை போடும்போது கேட்டருகே நின்று சத்தம் போடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலை. யானைக்கும் அதே தண்ணீர்தான். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் டவுனுக்குள் நுழைந்து தெருத்தெருவாக ஓடியதை நான் பதற்றத்தோடு டிவியில் பார்த்தேன். சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விடப்பட்ட யானை. தெரியாத ஊரில், எந்தத் தெரு எங்கே போகிறது என்று புரியாமல் அது ஆட்டோவையும் சுவரையும் இடித்துக்கொண்டு ஓடியது. ஜூன் முதல் வாரத்தில் திரும்பவும் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோனார்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

போன வருஷம் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சென்னையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கையில் போன். அதில் எட்டுப் பத்து இடங்களுக்கு நட்சத்திரம் போட்டிருந்தது: அருவி, வியூ பாயிண்ட், இன்னொரு அருவி. லோயர்கேம்ப் அதில் இல்லை. "வேற பார்க்க என்ன மாமா இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்காரர், "தண்ணி இருக்கு மாப்ள" என்றார். அவ்வளவுதான், காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013-இல் அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15 அன்று திறந்தார்கள். அந்தத் தேதியில் வந்தால் பெண்கள் வரிசையாக அடுப்பு கூட்டிப் பொங்கல் வைப்பதைப் பார்க்கலாம். 2011 டிசம்பரில் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்துக் குமுளி எல்லை அடைபட்டபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தே கிளம்பிப் போனது இந்த ரோட்டில்தான். சுற்றுலா வண்டி ஒன்றுகூட இல்லை அப்போது. எங்கள் அத்தை ஒருவரும் போனார், அறுபது வயசுக்கு மேல். அந்த அணையில் 142 அடி வரைக்கும் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அத்தை வீட்டு வாசலில் நின்று தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். பேத்திக்கு இதையெல்லாம் தாத்தா சொல்லச் சொல்ல, அவள் குழாய்களை எண்ணிக்கொண்டே வந்தாள். 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தத் தண்ணீரில் விளைகிறது, ஜூன் முதல் தேதி திறந்துவிட்டால் நாற்றங்கால் போட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது, "திறக்கலைன்னா?" என்று கேட்டாள். தாத்தா அதற்குப் பதில் சொல்ல வீடு வருகிற வரைக்கும் ஆயிற்று.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பழையபடியே இருக்கிற இடம் ஒன்று உண்டு. கூடலூருக்கு மேலே மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும்தான் ஏற விடுவார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. கண்ணகியும் வீட்டை விட்டு வெளியே வந்ததே புருஷனோடுதான். பூம்புகாரை விட்டு வெளியே கால் வைக்காத பெண், அவன் பின்னால் மதுரைக்கு நடந்தாள். அங்கே அவனைப் பறிகொடுத்தாள். பிறகு தனியாக வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடந்து மலை ஏறினாள். நான் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்த திசை அது. பொங்கிப் போன பெண்ணின் கோபத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒற்றை நடைதான் நெஞ்சில் நிற்கிறது. வழியில் அவள் ஆற்றில் இறங்கி ஒரு கை தண்ணீராவது அள்ளிக் குடித்திருப்பாள்.

நாங்கள் முன்பெல்லாம் பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுவோம். காட்டுப் பாதை, செங்குத்து. பாதி வழியில் புளிச்சோற்றைப் பிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாதவருக்கும் ஒரு உருண்டை போகும். இப்போது குமுளியிலிருந்து ஜீப் விடுகிறார்கள். வருகிற சித்திரைக்கு வீட்டுக்காரர் நடந்துதான் ஏறணும் என்று நிற்கிறார். எழுபதைத் தாண்டியவர். முட்டிவலிக்காரியை வைத்துக்கொண்டு என்ன பேச்சு இது என்று மகள் போனில் கத்துகிறாள். ஏறுவதற்கு ஜீப், இறங்குவதற்கு நடை என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.