உப்பு பார்க்கிற கொழுந்தனார்

கொட்டாங்கச்சி நெருப்பு கனன்று, மடவை மீனின் கொழுப்பு சொட்டி 'சுர்'ரென்று புகை கிளம்பும் நேரம் பார்த்துத்தான் வருவார். அடுப்புப் பக்கம் போகமாட்டார். நேரே அம்மிக்குத்தான். ஆள்காட்டி விரலால் பச்சை மசாலாவை வழித்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

"எல்லாம் சரி அண்ணி. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

லைட் ஹவுஸ் குப்பமோ கோட்டைக்குப்பமோ, பழவேற்காட்டைச் சுற்றி எந்த வீட்டில் கேட்டாலும் இவரைத் தெரியும். பெயர்தான் வேறு.

நான் அரைத்தது ஒரு கட்டு கொத்தமல்லி, அரைக் கட்டு புதினா, நாலு பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு, துண்டு இஞ்சி. மீனோ கோழியோ, சுட்டதற்குத் தொட்டுக்கொள்ள வீட்டுக்கே போதும். உப்பு தூக்கல் என்றாரா, இன்னொரு பிடி தழையைப் போட்டு ஓட்டுகிறேன். மறுபடி விரல். "இப்போ காரம் இறங்கிப்போச்சே." மிளகாய் ஏறுகிறது. மறுபடி விரல். "ஸ்ஸ்... கொஞ்சம் தேங்கா போடுங்க." போட்டால், "சப்புனு ஆயிடுச்சு. எலுமிச்சம்பழம் இல்லையா?" பழத்தைக் கடைசியில்தான் பிழிய வேண்டும், முன்னாலேயே புளிப்புப் பட்டால் தழையின் பச்சை மங்கிவிடும். இது அவருக்கும் தெரியும். பிழிந்ததும் முகத்தைச் சுளித்து, "உப்பு பத்தல" என்பார். இதற்குள் கிண்ணத்தில் இருந்தது குண்டானுக்கு மாறியிருக்கும். மீனும் ஒரு பக்கம் கருகியிருக்கும்.

நடுவே சரித்திரம் வேறு. இந்த மசாலா வாசத்துக்குத்தான் டச்சுக்காரன் இங்கே வந்தானாம். அவன் வந்தது துணிக்கு. 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, நம் பக்கத்துத் துணியைக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினான். அம்மி பக்கம் வந்து விரலை விட்டதாகத் தகவல் இல்லை.

போன மாதம் செல்போனில் எதையோ பார்த்துவிட்டார். அர்ஜென்டினாவில் சுட்ட மாட்டுக்கறிக்குச் சிமிச்சுரி என்று ஒன்று உண்டு: பார்ஸ்லித் தழை, பூண்டு, வினிகர், எண்ணெய். "அரைக்கவே கூடாது அண்ணி, பொடிப்பொடியா நறுக்கணும்." கத்தியை நீட்டினேன். அவசரமாக யாருக்கோ போன் பண்ண வேண்டியிருந்தது.

சிரிப்பாகச் சொன்னாலும் எரிச்சல் எரிச்சல்தான். ஏலத்தில் மீனை எடுத்து, செதிள் சீவி, குடலை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரைப்பதெல்லாம் பெண்கள். மிளகாய் அரைத்த கையைத் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் காந்தல் போகாது, எண்ணெய் தேய்த்தால்தான் அடங்கும். அம்மியைக் கழுவும் நேரத்தில் அவருடைய விரல் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை.

ஆனால் கருகிய மீனை ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு முள் பார்த்து ஊட்டுவதும் அவர்தான்.

மறுநாள் காலையில் அவர் மகள் தூக்குவாளியோடு வாசலில் நிற்கிறாள். "பெரியம்மா, ஃபிரிட்ஜில நேத்து மசாலா மிச்சம் இருந்தா தோசைக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு அப்பா. உப்பு கரெக்டா இருந்துச்சாம்."