நான்கு நரம்பும் ஒரு கதைநேரமும்: கேள்வி-பதில்

கேள்வி: கிட்டாருக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவில், நூலகத்தில் மழலைகளுக்கான கதைநேரத்துக்கு மட்டும் யுகுலேலே என்ற நான்கு நரம்புக் குட்டிக் கருவியைத் தூக்குவது ஏன்?

பதில்: கிட்டாரை மடியில் வைத்தால் நூலகரின் பாதி உடம்பு மறைந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயது இரண்டு, மூன்று. பாடுகிறவரின் வாயையும் கண்ணையும் பார்த்தே அவர்கள் பாட்டைப் பிடிக்கிறார்கள். சொப்ரானோ வகை யுகுலேலே சுமார் 21 அங்குலம்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் முகம் முழுதாகத் தெரியும். நைலான் நரம்பு என்பதால் ஒலி மென்மை. மழலைக் குரலை அமுக்காது. இன்னொரு பொருத்தமும் உண்டு. வழக்கமான ஜி-சி-ஈ-ஏ சுருதியில் அதன் மிகத் தாழ்ந்த நரம்பு பியானோவின் நடு ‘சி’. சின்னஞ்சிறு குரல்கள் சிரமமின்றிப் பாடும் எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. அடித்தொண்டையில் பாடிப் பழகிய பெரியவரைக் குழந்தைகளின் சுருதிக்கு இந்தக் கருவி இழுத்து வந்துவிடும்.

கேள்வி: சத்தம் போடாதே என்று சொல்லும் இடத்தில் பாட்டுக்கு என்ன வேலை?

பதில்: எழுத்தைப் படிக்கும் முன் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகள் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். பேச்சில் ஓடிவிடும் அசைகள் பாட்டில் நின்று வருகின்றன. பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம். ‘எவ்ரி சைல்ட் ரெடி டு ரீட்’ என்ற அமெரிக்க நூலகத் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. பேச்சு, பாட்டு, வாசிப்பு, எழுத்து, விளையாட்டு ஆகிய ஐந்தையும் அது பெற்றோர் முன் வைத்தது. பாட்டுக்கும் வாசிப்புக்கும் ஒரே வரிசையில் நாற்காலி!

கேள்வி: சரிகமகூடத் தெரியாத நூலகர் என்ன செய்வார்?

பதில்: சி, எஃப், ஜி7 என்ற மூன்று கார்ட்களை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) கற்றுக்கொள்வார். சி-க்கு ஒரே விரல் போதும்; தரைப்பக்கம் உள்ள கடைசி நரம்பை மூன்றாம் ஃபிரெட்டில் (மெட்டில்) அழுத்தினால் முடிந்தது. எஃப்-க்கு இரண்டு விரல், ஜி7-க்கு மூன்று. ‘ரோ ரோ ரோ யுவர் போட்’ பாட்டை சி ஒன்றிலேயே ஓட்டிவிடலாம். ‘வீல்ஸ் ஆன் தி பஸ்’ பாட்டுக்கு சி, ஜி7 இரண்டும் வேண்டும். விரல் தடுமாறினால் மீட்டுவதை விட்டுவிட்டுப் பாட்டைத் தொடர வேண்டும். பாட்டு நின்றால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். புது நரம்பு சில நாள் இழுபட்டுச் சுருதி இறங்கும் என்பதால், கதவு திறக்கும் முன் சுருதி காட்டும் டியூனரில் ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

கேள்வி: பிள்ளைகள் கருவியின் மேல் பாய்ந்தால்?

பதில்: பாயத்தான் செய்வார்கள், தடுப்பது வீண். கடைசிப் பாட்டு முடிந்ததும் நூலகர் இடது கையில் சி-யைப் பிடித்தபடி குனிவார். ஒவ்வொரு குழந்தையாக வந்து நரம்புகளைத் தடவிப் பார்க்கும். கார்ட் பிடிபட்டிருப்பதால் எப்படித் தடவினாலும் இனிமைதான். சிலது தடவிய கையோடு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துளைக்குள் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: புத்தகத்தையும் கருவியையும் பிடிக்க நான்கு கை வேண்டாமா?

பதில்: தோளில் வார் மாட்டினால் இரண்டே போதும். ஆனால் கதை வாசிக்கும்போது யுகுலேலே பேசக்கூடாது. வரவேற்புப் பாட்டு, இரு கதைகளுக்கு நடுவே ஒன்று, விடைபெறும் பாட்டு என்ற அளவே நல்லது. விரலசைவுப் பாட்டுகளில் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். நூலகரின் கையைப் பார்த்துத்தானே குழந்தை கையாட்டும்?

கேள்வி: இது ஹவாய்க் கருவிதானே?

பதில்: வளர்ந்த இடம் ஹவாய்; வேர் போர்ச்சுகலின் மடீரா தீவில். 1879 ஆகஸ்டில் ‘ரேவன்ஸ்கிராக்’ கப்பலில் ஹொனலுலுவில் இறங்கிய மடீராக்காரர்களில் மரவேலை தெரிந்த மூவர், தங்கள் ஊர்க் கருவியைத் தழுவி இதைச் செய்யத் தொடங்கினார்கள். ஹவாய் மன்னர் கலாகாவா ஆதரித்தார். 1915இல் நடந்த சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி இதை அமெரிக்காவெங்கும் பரப்பியது.

கேள்வி: வீட்டிலும் மீட்ட ஆசைப்படும் குழந்தைக்கு?

பதில்: அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பொது நூலகங்கள் உறுப்பினர் அட்டைக்கு யுகுலேலேயை இரவல் தருகின்றன. தவணை முடிந்ததும் புத்தகத்தைப் போலவே திருப்பித் தர வேண்டும்.